ஒன்றரை மாத ஊசிக்கு முன்னால்

கேள்வி: எனக்கு வயது 26. தாராவியில் 90 அடி சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இது முதல் பிள்ளை. இப்போது, மே நடுவில், 24 வாரம் ஆகிறது. மூன்றரை மாதத்தில், மாநகராட்சியின் சிறு சுகாதார நிலையமான ஹெல்த் போஸ்டில், டெட்டனஸுக்கான டி.டி. ஊசி ஒன்று போட்டார்கள். ஒரு மாதம் கழித்து இரண்டாவதுக்கு வரச் சொன்னார்கள், அத்தை விடவில்லை. “நான் ஆறு பெற்றேன், ஒரு ஊசி போட்டதில்லை. நாலு பேர் மலை மாதிரி நிற்கிறார்கள்” என்கிறார். நாங்கள் பார்க்கும் டாக்டரம்மாவோ மழைக்கு முன் ஃப்ளூ ஊசி, 28 வாரத்தில் கக்குவான் இருமலுக்கும் சேர்த்து ஒரு ஊசி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அது ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகுமாம். பணம் பார்க்கத்தான் எழுதுகிறார்கள் என்கிறார் கணவர். இத்தனை ஊசியை வயிற்றுப் பிள்ளை தாங்குமா? பிறந்த பிறகு பிள்ளைக்கே போட்டுக்கொள்ளக் கூடாதா? ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன். வீட்டில் மாமாவுக்கு மூன்று வாரமாக இருமல், பீடிதான் காரணம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
- வாசகி, மும்பை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் டாக்டர் எழுதியதில் தேவையில்லாதது ஒன்றும் இல்லை. என் மருமகள் உண்டாகியிருந்தபோது இதே ஊசிகளை இதே மாதங்களில் நான்தான் போட்டேன். ஏன் போட வேண்டும் என்பதை நீங்கள் அத்தையிடமும் கணவரிடமும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், “பிறந்த பிறகு பிள்ளைக்கே போடக் கூடாதா” என்ற கேள்வி. நீங்கள் கேட்டதிலேயே முக்கியமானது இதுதான். பிள்ளை பிறந்ததும் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் பி ஊசி, இவை மூன்றும் கொடுத்துவிடுவார்கள். கக்குவான் இருமலுக்கு எதிரான மருந்து முதன்முதலாகப் பிள்ளையின் உடம்புக்குள் போவது, நாம் ஒன்றரை மாத ஊசி என்று சொல்கிறோமே, அதில்தான். அதற்கு முன் போட்டால் பிள்ளையின் உடம்பு சரியாகப் பழகிக்கொள்ளாது. அந்த ஒரு தடவையும் போதாது. இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி எல்லாம் போட்ட பிறகுதான் நல்ல பாதுகாப்பு வரும். ஃப்ளூ ஊசி என்றால் ஆறு மாதம் முடியும் வரை குழந்தைக்குப் போடவே முடியாது.

ஆக, பிறந்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் பிள்ளை வெறுங்கையோடு கிடக்கிறது. கக்குவான் குழந்தையின் உயிரைக் கொண்டுபோவதும் பெரும்பாலும் அந்த முதல் மாதங்களில்தான். அந்த இடைவெளியை எந்தக் குழந்தை மருத்துவராலும் அடைக்க முடியாது. பெற்றவளால் முடியும், அதுவும் பிறப்பதற்கு முன்னால்.

எப்படி என்று கேட்பீர்கள். ஊசி மருந்து உங்கள் கைச் சதையிலேயே தங்கிக் கரைந்துபோகும். உங்கள் உடம்பு அதைப் பார்த்து இரண்டு வாரத்தில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் விடும். குழந்தைக்குப் போவது இந்தப் புரதம்தான். நச்சுக்கொடி என்று நாம் சொல்லும் உறுப்பு இதைத் தானாக ஒழுக விடுவதில்லை. தாயின் ரத்தத்தில் வரும் ஆன்டிபாடிகளில் ஐஜிஜி என்ற ஒரு வகையை மட்டும் கையைப் பிடித்து அழைத்துப்போவது போலக் குழந்தையின் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. இது மூன்றாம் மாதம் முடியும்போது சொட்டுச் சொட்டாகத் தொடங்கும். கடைசி மூன்று மாதத்தில்தான் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி போகும். மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் இந்தப் புரதம் தாயின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கும். முப்பத்தைந்து வருஷம் பிரசவம் பார்த்துவிட்டேன், இதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

உங்கள் டாக்டர் 28 வாரம் என்று குறித்ததன் கணக்கு இதுதான். 27 முதல் 36 வாரத்துக்குள் போட்டால், ஆன்டிபாடி உச்சத்தில் இருக்கும் நேரமும் நச்சுக்கொடி அதிகமாக அனுப்பும் நேரமும் ஒன்றாக அமையும். அந்தக் காலத்துக்குள்ளேயும் முன்னால் போடுவது நல்லது என்பேன். யாருக்கு எப்போது வலி எடுக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? குறை மாதத்தில் பிறக்கும் பிள்ளைக்குத்தான் இந்தப் பாதுகாப்பு இன்னும் அதிகமாக வேண்டும்.

தாய்ப்பாலில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே கொட்டாமல் ஒரு சொட்டு விடாமல் கொடுங்கள். ஆனால் பாலில் வரும் ஆன்டிபாடி பெரும்பாலும் வேறு வகை. வாயிலும் தொண்டையிலும் குடலிலும் நின்று காவல் காக்கும், ரத்தத்துக்குள் போகாது. நச்சுக்கொடி வழியாக வருவது ரத்தத்தில் இருக்கும். பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

அடுத்து, அத்தை. ஆறு பெற்றேன், நாலு பேர் நிற்கிறார்கள் என்று அவர் சொன்னதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அந்த மற்ற இரண்டு பேரைப் பற்றி அவரிடம் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? வாதத்தில் ஜெயிப்பதற்காகக் கேட்க வேண்டாம். ஒரு மத்தியானம், வேலை எல்லாம் முடிந்து பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேளுங்கள். அந்தத் தலைமுறைப் பெண்கள் தொலைத்த பிள்ளைகளைப் பற்றி அவர்களிடம் யாருமே கேட்டதில்லை. “ஜன்னி கண்டு போயிடுச்சு” என்று நாலு வார்த்தையில் முடித்து, மறுநாள் வயலுக்கோ பீடி சுற்றவோ போனவர்கள் அவர்கள்.

அந்த ஜன்னிகளில் ஒன்று டெட்டனஸ். மருத்துவ மாணவியாக இருந்தபோது ஒரே ஒரு குழந்தையை அப்படிப் பார்த்தேன். வீட்டில் பிறந்த பெண் குழந்தை. இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்தது. நான்காம் நாள் காலையில் காம்பைக் கவ்வ வாயைத் திறக்க முடியவில்லை. எங்களிடம் தூக்கி வந்தபோது கை இரண்டும் இறுக மூடியிருந்தன, புருவம் சுருங்கி, பார்ப்பதற்குச் சிரிப்பது போல உதடு இழுத்திருந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டால்கூட உடம்பு வில்லாக வளையும். அதனால் அந்த அறையில் விளக்கைக் குறைத்து, எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். குழந்தைக்கு நினைவு தப்பவே இல்லை, கடைசி வரை எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனது. தொப்புள்கொடியை அறுத்த பிளேடு, அதன்மேல் வைத்த சாம்பல், இரண்டில் எது கிருமியைக் கொண்டு வந்ததோ.

1988இல் உலகம் முழுவதும் 7,87,000 பச்சைக் குழந்தைகள் இந்த நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. கர்ப்பிணிகளுக்குப் போடும் ஊசியும், ஆஸ்பத்திரிப் பிரசவமும், சுத்தமான பிளேடும் சேர்ந்து அதை விரட்டின. 2015இல் இந்தியா இந்த நோயை ஒழித்த நாடாக உறுதி செய்யப்பட்டது. இன்றைய மருத்துவ மாணவர்கள் அந்தச் சிரிப்பைப் பாடப் புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள்.

அப்படியென்றால் இனி எதற்கு ஊசி என்று கேட்கலாம். பெரியம்மை மனிதரிடமிருந்து மனிதருக்கு வந்தது, ஒரு நாள் அடியோடு போய்விட்டது. டெட்டனஸ் கிருமி மண்ணில் இருக்கிறது, சாணத்தில் இருக்கிறது. அதன் விதை வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஊரில் எல்லோரும் ஊசி போட்டிருந்தாலும் அதனால் உங்கள் பிள்ளைக்குப் பாதுகாப்பு கிடைக்காது. ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைக்குத் தனியாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் போட்ட டி.டி. ஊசி டெட்டனஸுக்கு மட்டும். சில வருஷங்களாக அரசு போடுவதில் தொண்டை அடைப்பான் நோய்க்கான டிப்தீரியா மருந்தும் சேர்ந்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் வித்தியாசம் உண்டு, நாம் தமிழில் இரண்டையும் டி.டி. என்றே சொல்லிவிடுவதால் பழைய ஊசிதானே என்று நினைத்துக்கொள்கிறோம்.

கக்குவான் இருமலுக்கு வருகிறேன். பெரியவர்களுக்கு வந்தால் அது சாதாரண வறட்டு இருமல் போலத்தான் தெரியும். நூறு நாள் இருமல் என்றும் சொல்வார்கள். சிறு வயதில் போட்ட தடுப்பூசியின் பலம் பத்து வருஷத்துக்குள் குறைந்துவிடுவதால், நம்மில் யாருக்கும் வரலாம், வந்ததே தெரியாமலும் போகலாம். பச்சைக் குழந்தைக்கு வந்தால் கதையே வேறு. கக்குவானுக்கே அடையாளமான அந்த இழுப்புச் சத்தம்கூடப் பெரும்பாலும் கேட்காது. மூச்சு நின்றுபோகும், அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன் சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு தாய், ஐந்து வாரக் குழந்தையோடு இரவு ஒன்பது மணிக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் பார்த்த பிரசவம் என்பதால் வந்த உரிமை. “பால் குடிக்கும்போது நீலமாகிறது டாக்டர், அப்புறம் சரியாகிவிடுகிறது” என்றாள். என் கண் முன்னாலேயே நடந்தது. குழந்தை இரண்டு தடவை மெல்ல இருமியது, முகம் சிவந்தது, உதட்டைச் சுற்றிச் சாம்பல் நிறம் பரவியது, விரல் நுனியெல்லாம் நாவல் பழ நிறம். நான் எண்ணினேன். பன்னிரண்டு வரை எண்ணியும் மூச்சு வரவில்லை. உள்ளங்காலைச் சுண்டியதும் வீறிட்டு அழுதது. அந்த அழுகையைப் போல எனக்கு நிம்மதி தந்த சத்தம் வேறு கிடையாது. அன்றிரவே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். பத்தொன்பது நாள். பிழைத்துக்கொண்டது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. விசாரித்தபோது, சித்தப்பாவுக்கு ஒரு மாதமாக இருமல், ஆசையாகத் தூக்கி வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. அந்தத் தாய்க்குக் கர்ப்பத்தில் இந்த ஊசியைப் பற்றி நான் சொல்லியிருந்தேன். செலவு என்று தள்ளிப் போட்டாள். நானும் இன்னொரு தடவை அழுத்திச் சொல்லாமல் விட்டேன். அதன்பிறகு நான் அப்படி விடுவதில்லை.

இங்கிலாந்தில் 2012இல் இந்த நோய் பெருகி, ஒரே வருஷத்தில் 14 பச்சைக் குழந்தைகள் இறந்தார்கள். அந்த அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைப் போடத் தொடங்கினார்கள். பிறகு கணக்கெடுத்துப் பார்த்ததில், ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு முதல் மாதங்களில் சுமார் 91 சதவீதப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. உங்கள் பயத்துக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. ஊசி போட்ட 20,000 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். குழந்தை வயிற்றில் இறப்பதோ குறைந்த எடையில் பிறப்பதோ போடாதவர்களைவிட இவர்களுக்குக் கூடவில்லை. இந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. கிருமியின் விஷத்தை முறித்துச் செயலிழக்க வைத்த துணுக்குகள்தான் இருக்கின்றன. அது உங்களுக்கும் நோய் தராது, பிள்ளைக்கும் தராது. டிடேப் என்று இதற்குப் பெயர். டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் மூன்றுக்கும் சேர்த்தது. அடுத்த பிள்ளைக்கும் திரும்பப் போட வேண்டும், ஏனென்றால் உங்கள் ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி ஒரு வருஷத்துக்குள்ளேயே வெகுவாக இறங்கிவிடும்.

ஃப்ளூ ஊசியைப் பெரும்பாலும் எல்லோரும் அலட்சியமாக விடுகிறார்கள். சளிக் காய்ச்சல்தானே என்ற நினைப்பு. வயிறு பெருக்கப் பெருக்க நுரையீரல் விரிய இடம் குறைகிறது, இதயம் ஏற்கெனவே இரட்டை வேலை பார்க்கிறது. அந்த நேரத்தில் ஃப்ளூ வந்தால் நிமோனியாவில் போய் நிற்கலாம். 2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது அமெரிக்காவில் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்தான் கர்ப்பிணி, இறந்தவர்களிலோ நூற்றுக்கு ஐந்து பேர் கர்ப்பிணிகள். நம் பக்கத்துக் கணக்கு வேண்டுமென்றால் வங்கதேசம் இருக்கிறது. அங்கே 340 தாய்மார்களை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. கர்ப்பத்தில் ஃப்ளூ ஊசி போட்டவர்களின் குழந்தைகளுக்கு, பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது. இந்த ஊசிக்கு மாதக் கணக்கு இல்லை, எந்த மாதத்திலும் போடலாம். மழைக்கு முன் என்று உங்கள் டாக்டர் சொன்னதற்குக் காரணம் மும்பை. இங்கே ஜூன் இரண்டாம் வாரம் மழை இறங்கினால் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஃப்ளூதான். உங்களுக்குத் தேதி செப்டம்பர் முதல் வாரம் வருகிறது. பிள்ளைக்கு ஒன்றரை மாதம் ஆகும்போது திருநெல்வேலியில் ஐப்பசி மழை தொடங்கிவிடும். ஆக இரண்டு ஊர் மழையையும் தாண்ட வேண்டிய பிள்ளை அது. மூக்கில் அடிக்கும் ஸ்பிரே வகை ஒன்று உண்டு, அதில் உயிருள்ள கிருமி இருப்பதால் கர்ப்பத்தில் வேண்டாம். கையில் போடும் ஊசிதான் வேண்டும்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். ஃப்ளூ ஊசியை இந்த வாரமே போட்டுவிடுங்கள். டி.டி. இரண்டாவது ஊசி தவறிப்போனதை நினைத்துப் பதற வேண்டாம். முதல் ஊசிக்கும் அடுத்ததற்கும் நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும், உங்களுக்கு அதைவிட அதிகமாகவே ஆகிவிட்டது. 28 வாரத்தில் டிடேப் நிச்சயம் போடுவீர்கள் என்றால் அதுவே அந்த இரண்டாவது ஊசிக்கும் ஈடாகும். பணம் புரளுமா என்று சந்தேகம் இருந்தால் காத்திருக்காதீர்கள். நாளைக்கே ஹெல்த் போஸ்டுக்குப் போய் டி.டி. இரண்டாவதைப் போட்டுக்கொள்ளுங்கள், அது இலவசம். நான்கு வாரம் கழித்துக் காசு சேர்ந்ததும் டிடேப் போடலாம், ஒன்றும் கெட்டுவிடாது. டிடேப் அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைப்பதில்லை. கணவரின் சந்தேகத்துக்கு இதுதான் காரணமாக இருக்கும், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மகப்பேறு மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கமான ஃபாக்ஸி இதைப் பரிந்துரைக்கிறது, உங்கள் டாக்டர் தனியாகக் கண்டுபிடித்து எழுதவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். வளைகாப்புக்கு வரும் உறவினர் யாராவது என்ன வேண்டும் என்று கேட்டால், கூச்சப்படாமல் இந்த ஊசியைக் கேளுங்கள். என்னிடம் வரும் ஒரு பெண்ணுக்கு அவள் தாய்மாமன் வளையலோடு இந்தச் செலவையும் ஏற்றுக்கொண்டார்.

வளைகாப்பு நாளுக்கு முந்தைய தினம் மட்டும் ஊசி வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் கை வலிக்கும், ஊசி போட்ட இடம் லேசாக வீங்கும், சிலருக்கு உடம்பு கணகணக்கும். வளையல் அடுக்க எல்லோரும் கையைப் பிடித்து இழுக்கும் நாளில் அது தொந்தரவு. வலிக்கு ஈரத்துணி ஒத்தடம் போதும். காய்ச்சல் அடித்தால் பாரசிட்டமால் போடலாம், வேறு வலி மாத்திரை எதையும் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். அபூர்வமாக யாருக்காவது அலர்ஜி வந்தால் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். முன்பு ஏதாவது தடுப்பூசிக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறல் வந்திருந்தால், போடும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஊருக்குப் போகும்போது தாய்-சேய் அட்டையைத் துணிகளுக்கு அடியில் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம். வழியில் எங்கே என்ன ஆனாலும் அந்த அட்டைதான் உங்களைப் பற்றிப் பேசும். போட்ட ஊசி ஒவ்வொன்றின் தேதியும் அதில் இருக்கட்டும், தனியாரில் போட்டதையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஊருக்குப் போனதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துகொள்ளுங்கள், தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அந்தப் பதிவு எண்ணைக் கேட்பார்கள்.

கர்ப்பத்தில் போடக் கூடாத ஊசிகளும் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். தட்டம்மை, ருபெல்லா, சின்னம்மை ஊசிகளில் பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி இருக்கிறது. அவற்றைக் கருத்தரிப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன்னாலோ, பிரசவத்துக்குப் பின்னாலோதான் போட வேண்டும். பால் கொடுக்கும்போது போடலாம். உங்கள் வீட்டில் கல்யாணமான கொழுந்தியாள், நாத்தனார் யாராவது பிள்ளைக்குக் காத்திருந்தால் ருபெல்லா ஊசி பற்றி இப்போதே சொல்லுங்கள். கருவின் முதல் மாதங்களில் தாய்க்கு ருபெல்லா வந்தால் பிள்ளைக்குக் கண்புரை, இதய ஓட்டை, காது கேளாமை எல்லாம் வரலாம். தெரியாமல் கர்ப்பத்தில் போட்டுவிட்டால் அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. நாய் கடித்தால் மட்டும் கர்ப்பம் என்று ஒரு நாள்கூட யோசிக்கக் கூடாது. ரேபிஸ் ஊசியைக் கர்ப்பிணிக்கும் போட்டே ஆக வேண்டும். தெருநாய் இல்லாத சந்து மும்பையில் எங்கே இருக்கிறது?

ஊசி என்றால் பயப்படுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. உங்கள் வீட்டிலிருந்து பரேல் கொஞ்ச தூரம்தான். 1896இல் பம்பாயில் பிளேக் வந்து ஜனங்கள் ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு அறையில் உட்கார்ந்து பிளேக் தடுப்பூசியைத் தயாரித்தார். 1897 ஜனவரி 10ஆம் தேதி அதை முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். அவர் தொடங்கிய ஆய்வு நிறுவனம் பரேலில் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும். நம் உடம்பில் முதலில் போட்டுக்கொண்டு பிறகு அடுத்தவருக்குச் சொல்வது நல்ல வழக்கம். அதனால்தான் என் மருமகளின் கதையை முதலிலேயே எழுதினேன். அத்தைக்கும் ஒரு யோசனை. நீங்கள் ஃப்ளூ ஊசி போடப் போகும் அன்று அவரையும் கூட்டிப்போய், அவருக்கும் ஒன்று போடச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கும் அது தேவைதான், பேரப்பிள்ளையைத் தூக்கப்போவதும் அவர்தான். தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று தெரிந்தால் பாதி மறுப்பு கரைந்துவிடும். பேச்சை டாக்டரம்மாவிடம் விட்டுவிடுங்கள், மருமகள் சொல்லிக் கேட்பதைவிட அது எளிது.

கடைசியாக வைத்திருக்கிறேனே தவிர, இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். மாமாவின் இருமல். மூன்று வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இந்த நாட்டின் காசநோய்த் திட்டத்தின் விதி. அதுவும் ஜன்னலும் காற்றும் குறைந்த நம் வீடுகளில், பீடி மேல் பழியைப் போட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. மாநகராட்சி மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை இலவசம், காசநோய் என்று வந்தால் மருந்தும் இலவசம். கக்குவானாக இருந்தாலும் அதற்கு மருந்து உண்டு. இரண்டும் இல்லை என்று தெரியும் வரை அவர் முகக்கவசம் போடட்டும், இரவில் உங்களுக்குத் தள்ளிப் படுக்கட்டும், இருமும்போது துண்டால் வாயை மூடட்டும். கணவரை நாளைக் காலையில் அரை நாள் விடுப்பு போட்டு அப்பாவைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். முதல் சளியைக் காலையில் எழுந்ததும், வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி எடுக்க வேண்டும். வெறும் எச்சிலைக் கொடுத்தால் முடிவு தப்பாக வரும். அதற்கான டப்பாவை முதல் நாளே போய் வாங்கிவந்து வைத்துக்கொள்ளலாம்.